அறுபதாயிரம் கொடுத்து எழுதி வாங்கிட்டா அப்புறம் கேஸ் வராதா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு வலங்கைமான் பக்கத்துல ஒரு கிராமம், சிங்கப்பூர்ல வேலை, லீவுல வந்திருக்கேன். போன லீவுல பெரியப்பா மகன் கிட்டேருந்து ஒரு கார் வாங்குனேன், ஆர்.சி. இன்னும் அண்ணன் பேர்லதான் இருக்கு, இன்சூரன்ஸும் அவர் பேர்ல, ஃபுல் கவர், இன்னும் முடியல. அஞ்சு நாள் முன்னாடி சாயங்காலம் இருட்டுற நேரம் கும்பகோணத்துலேருந்து வந்துட்டு இருந்தேன், என் பக்கம் பாதி ரோட்டுக்கு நெல்லு காயப்போட்டு சுத்தி கல்லு வச்சிருந்தாங்க, அதுக்காக வலது பக்கம் ஏறுனேன், எதிர்ல ஒரே பைக்ல மூணு பசங்க, ஹெல்மெட் கிடையாது, பைக் என் காரோட முன்பக்க ஓரத்துல அடிச்சு விழுந்துட்டாங்க. நானே மூணு பேரையும் என் கார்ல ஏத்தி கும்பகோணம் ஜி.எச்-ல சேர்த்தேன். பின்னாடி உக்காந்திருந்த ஒரு பையனுக்கு கால் எலும்பு முறிவு, தஞ்சாவூர் மெடிக்கலுக்கு அனுப்பிட்டாங்க, மத்த ரெண்டு பேருக்கும் சிராய்ப்புதான். ஓட்டுன பையன் பிளஸ் டூ படிக்கிறான், மத்தவங்களும் அவன் கிளாஸ்தான். அவங்க வீட்டுக்காரங்களே டாக்டர்கிட்ட பைக் ஸ்லிப் ஆகி விழுந்துட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. செலவுக்குன்னு 10,000 கையில கொடுத்தேன். இப்ப கால் ஒடிஞ்ச பையனோட மாமாவும் ஊர் பெரியவர் ஒருத்தரும் வந்து 60,000 கொடுத்துடுங்க, கேஸ் கீஸ் வேணாம், பத்திரத்துல எழுதித் தர்றோம்னு சொல்றாங்க. வீட்டுல எல்லாரும் கொடுத்துட்டு முடிங்கிறாங்க. மெக்கானிக், சுவத்துல இடிச்சிருச்சுன்னு போட்டு இன்சூரன்ஸ்ல வேலையை முடிச்சுக்கலாம்கிறார். எனக்கு பாஸ்போர்ட் ரினியூவல் வேற அடுத்த வருஷம் வருது, எஃப்.ஐ.ஆர். போட்டா என் வேலையே போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணலாம் சார்?

பதில்:

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அடிபட்டவங்கள விட்டுட்டு ஓடாம உங்க கார்லயே ஏத்திக்கிட்டுப் போயி சேர்த்தீங்க பாருங்க, அது சட்டப்படியும் சரி, நாளைக்கு கோர்ட்டுல உங்களுக்கு கைகொடுக்கப்போறதும் அதுதான். ஆனா அதுக்கப்புறம் இந்த அஞ்சு நாளா நடந்ததெல்லாம் உங்களுக்கு எதிரா போயிட்டு இருக்கு, இன்னும் கையெழுத்து எதுவும் ஆகலங்கிறதாலதான் நான் கொஞ்சம் நிம்மதியா எழுதுறேன். அந்த 60,000 ரூபாய் பத்திரத்த வாங்காதீங்க. ஏன்னு நீளமா சொல்றேன், ஏன்னா இந்தப் பக்கம் ஆக்சிடென்ட்ல பாதிக்கு மேல இப்படித்தான் முடிக்கப் பாக்குறாங்க, அப்புறம் எட்டு மாசம் கழிச்சு ட்ரிப்யூனல், அதாவது விபத்து நஷ்டஈட்டை முடிவு பண்ற கோர்ட், அங்கேருந்து வந்த சம்மனோட என்கிட்ட வந்து நிக்கிறாங்க.

கால் ஒடிஞ்ச பையன் பிளஸ் டூன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அவனுக்கு 18 முடிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. மைனரோட நஷ்டஈட்டு உரிமைய அவன் மாமா கையெழுத்து போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. அப்பா போட்டாலே கோர்ட் அனுமதி இல்லாம அது அந்தப் பையனைக் கட்டுப்படுத்தாது, மாமாவுக்கு அதுல எந்த அதிகாரமும் இல்ல. நீங்க 20 ரூபா பத்திரத்துல எழுதுனாலும் சரி, 100 ரூபா பத்திரத்துல ஊரே சாட்சி கையெழுத்து போட்டாலும் சரி, நாளைக்கு அந்தக் கால் சரியா கூடாம இன்னொரு ஆபரேஷன் வரைக்கும் போச்சுன்னா அவங்க தாராளமா கேஸ் போடலாம், மோட்டார் வாகனச் சட்டத்துல அதுக்கு 6 மாசம் டைம் கொடுத்திருக்கு. அப்ப உங்க பத்திரம் என்ன ஆகும் தெரியுமா, அவங்க பக்கத்து வக்கீலே அதை கோர்ட்டுல ஆதாரமா தாக்கல் பண்ணுவார். "பாருங்க ஐயா, தப்பு தன் மேலன்னு ஒத்துக்கிட்டுத்தான் இவர் பணம் கொடுத்திருக்கார்"னு. காசையும் கொடுத்து அவங்களுக்கு சாட்சியத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்த கதைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ்ல இருக்கு. நீங்க கம்பெனிக்கு சொல்லாம தனியா பேசி முடிச்சீங்கன்னா, பின்னாடி கேஸ் வரும்போது எங்களுக்கு தகவலே வரல, எங்க அனுமதி இல்லாம பொறுப்பை ஒத்துக்கிட்டாருன்னு கம்பெனி வாதாடும். பாலிசி கண்டிஷன எடுத்துப் படிச்சுப் பாருங்க, கம்பெனியோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம எந்தப் பொறுப்பையும் ஒத்துக்கக் கூடாது, பணம் தர்றேன்னு வாக்கு கொடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கும். நாம யாரு அதைப் படிக்கிறோம், பாலிசி வந்ததும் கார் டேஷ்போர்டுல போட்டு மூடிடுவோம். தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது உங்க வண்டியால அடிபட்ட மத்தவங்களுக்கு, காயமோ மரணமோ ஆனா கம்பெனி கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பே கிடையாது, ட்ரிப்யூனல் எவ்வளவு போடுதோ அதைக் கட்டணும். அதுக்குத்தான் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறீங்க, அதை மூட்டை கட்டி வச்சுட்டு சொந்தக் காசுல பஞ்சாயத்து பண்றது எந்தக் கணக்குலயும் சேராது.

அவங்க ஏன் கேஸ் வேணாங்கிறாங்கன்னு யோசிச்சீங்களா? உங்க மேல பாசத்துல இல்ல. ஓட்டுனவனும் மைனராத்தான் இருப்பான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 199ஏ-ன்னு ஒரு பிரிவு கொண்டாந்தாங்க, மைனர் வண்டி ஓட்டி குற்றம் பண்ணா அவனோட கார்டியன் இல்லேன்னா வண்டி ஓனருக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ஃபைன், வண்டி ஆர்.சி. 12 மாசத்துக்கு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அதுக்குப் பயந்துதான் டாக்டர்கிட்ட ஸ்லிப் ஆயிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க. இதைப் படிச்சதும் உங்களுக்கு, "அப்ப நானும் அதைச் சொல்லி மிரட்டலாமே"ன்னு தோணும், தயவுசெஞ்சு அது வேண்டாம். ஓட்டுனவன் மைனருங்கிறது பின்னாடி உக்காந்து கால் ஒடிஞ்ச பையனோட உரிமையப் பறிச்சிடாது. ட்ரிபிள்ஸ் வந்தாங்கங்கிறதும் அப்படித்தான், அதனாலதான் விபத்து நடந்துச்சுன்னு காட்டினாலொழிய மூணு பேர் போனாங்கங்கிறத மட்டும் வச்சு நஷ்டஈட்டைக் குறைக்கக் கூடாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஹெல்மெட் விஷயமும் கால் முறிவுல பெருசா பேசாது, தலையில அடின்னா வேற கதை.

தப்பு யார் மேலங்கிறதையும் நேரா சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. தடை உங்க பக்கம் இருந்துச்சு, அப்ப நிறுத்தி எதிர்ல வர்ற வண்டிக்கு வழி விட வேண்டியவர் நீங்க. நீங்க வலது பக்கம் ஏறுனது அவங்க பாதைக்குள்ள. அவங்க வேகமா வந்தாங்களா, ஹெட்லைட் எரிஞ்சுதா, இதையெல்லாம் வச்சு கொஞ்சம் பங்கு அவங்க மேலயும் போகலாம், முழுசா அவங்க தப்புன்னு நிக்காது. ஆனா அந்த நெல்லும் கல்லும் உங்க கேஸ்ல முக்கியமான விஷயம், அதை ரெக்கார்டுல கொண்டு வராம விட்டுட்டா நீங்க சும்மா ராங் சைடுல போன ஆளாத்தான் தெரிவீங்க. ரோட்டை மறிக்கிறது, பழைய ஐ.பி.சி-க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 285-ல குற்றம், 5,000 வரைக்கும் ஃபைன். அதுக்காக நெல்லு காயப்போட்ட விவசாயி மேல கேஸ் போடச் சொல்லி நான் கிளப்பிவிடல, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 பர்சென்ட்டுக்கு மேல போனா திருப்பி அனுப்புறாங்க, ஊர்ல களம் கிடையாது, இருக்குற களத்துல பாதிக்கு மேல வெடிச்சுக் கிடக்கு, மழை வேற எப்ப வேணா வரும், அந்த ஆளு எங்கதான் கொண்டு போயி கொட்டுவார். ஆனா சுத்தி வைக்கிற கல்லு இருக்கே அதுதான் எமன், நெல்லை அள்ளுனப்புறமும் கல்லை அப்படியே விட்டுட்டுப் போயிடுறாங்க, ராத்திரி பைக்ல வர்றவன் நேரா அதுல ஏறி விழுறான். அறுவடை சீசன்ல அதுதான் எனக்கு வர்ற கேஸ்ல பாதி. மீதி பாதி, பின்னாடி ரிஃப்ளெக்டர் இல்லாம வைக்கோல் கட்டு ஏத்திக்கிட்டு ராத்திரில போற டிராக்டர் டிப்பர்.

சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கிறதுக்கு வர்றேன்.

மோட்டார் வாகனச் சட்டத்துல பிரிவு 134-ன்னு ஒண்ணு இருக்கு, ஆக்சிடென்ட் ஆனா டிரைவர் அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், போலீசுக்கு தகவல் சொல்லணும், உடனே முடியலேன்னா 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லணும். முதல் வேலைய செஞ்சீங்க, மத்த ரெண்டையும் விட்டுட்டீங்க. இதை மீறுனா 187-ல 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5,000 ஃபைன் இல்ல ரெண்டும்னு இருக்கு. டைம் தாண்டிருச்சே, இனிமே போனா மாட்டிக்குவோமேன்னு ஒளிஞ்சுக்காதீங்க. அஞ்சாவது நாள் நீங்களா போயி சொல்றதுக்கும், அம்பதாவது நாள் அவங்க கம்ப்ளெயின்ட்ல போலீஸ் உங்களைத் தேடி வர்றதுக்கும் இருக்குற வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்ல. நாளைக்கு காலைல ஒரு வெள்ளைப் பேப்பர்ல நடந்ததை அப்படியே எழுதிக்கிட்டு போங்க, என்ன நேரம், எந்த இடம், எந்த மதகுக்கு எந்தப் பக்கம், நெல்லும் கல்லும் எவ்வளவு தூரத்துக்கு ரோட்டை அடைச்சிருந்துச்சு, நீங்க என்ன வேகம், அவங்கள எந்த ஆஸ்பத்திரில எத்தனை மணிக்கு சேர்த்தீங்க, ஏன் லேட்டா வர்றீங்க, எல்லாம். "தப்பு என் மேல"ன்னோ "அவங்க மேல"ன்னோ தீர்ப்பு எழுதாதீங்க, நடந்ததை மட்டும் எழுதுங்க. கொடுத்துட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது, அதை வாங்காம வெளிய வராதீங்க. உங்க ஏரியாவுல இன்னொரு தொல்லை இருக்கு, கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம், வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், எல்லையில நடந்த விபத்துன்னா இது எங்க லிமிட் இல்ல அங்க போங்கன்னு அலைய விடுவாங்க. எந்த ஸ்டேஷன் லிமிட்டா இருந்தாலும் தகவலை வாங்கிப் பதிஞ்சு சரியான ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு பழைய சி.ஆர்.பி.சி-க்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ல சொல்லியிருக்கு, ஜீரோ எஃப்.ஐ.ஆர்-னு கேள்விப்பட்டிருப்பீங்களே அதான். பணிவா சொல்லுங்க, கேக்கலேன்னா எஸ்.பி. ஆபீசுக்கு ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிட்டு அந்த ரசீதை பத்திரமா வைங்க.

எஃப்.ஐ.ஆர். போட்டா என்ன ஆகும்னு உங்க பயத்துக்கு இப்ப பதில். வேகமா, கவனக்குறைவா ஓட்டுனதுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 281, 6 மாசம் வரைக்கும் ஜெயில். எலும்பு முறிவு கொடுங்காயத்துல வரும், அதுக்கு அதே சட்டத்துல 125-பி, 3 வருஷம் வரைக்கும் இல்ல 10,000 வரைக்கும் ஃபைன். படிக்கும்போது பயமாத்தான் இருக்கும், ஆனா ரெண்டும் ஜாமீன்ல விடக்கூடிய பிரிவு, ஜாமீன்தாரர் கொடுத்தா ஸ்டேஷன்லயே விட்டாகணும், அது உங்க உரிமை, யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல, யாருக்கும் எதுவும் கொடுக்கவும் வேண்டியதில்ல. வாட்ஸ்அப்ல ஆக்சிடென்ட் பண்ணிட்டு சொல்லாம போனா 10 வருஷம்னு ஒண்ணு சுத்துதே, அது அதே சட்டத்தோட 106(2), உயிர் போன கேஸுக்கானது, லாரி டிரைவருங்க ஸ்ட்ரைக் பண்ணதால 2024 ஜூலை 1-ம் தேதி மத்த பிரிவெல்லாம் அமலுக்கு வந்தப்ப இதை மட்டும் நிறுத்தி வச்சுட்டாங்க. உங்க கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பாஸ்போர்ட் விஷயம். கையில இருக்குற பாஸ்போர்ட்ட எஃப்.ஐ.ஆர். போட்டதுக்காக யாரும் பிடுங்க மாட்டாங்க, சிங்கப்பூர் திரும்பிப் போறதுக்கும் இது தானா தடை ஆகாது. ஆனா போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டு கோர்ட் அதை ஃபைல்ல எடுத்துக்கிட்டா கிரிமினல் கேஸ் நிலுவைன்னு ஆயிடும், அப்ப ரினியூவலுக்கு பாஸ்போர்ட் ஆபீஸ் முட்டுக்கட்டை போடும், 1967 பாஸ்போர்ட் சட்டத்துல அந்த ஏற்பாடு இருக்கு. அதுக்கு வழி, அந்த கோர்ட்டுலயே மனு போட்டு அனுமதி வாங்குறது, 1993-ல வந்த ஒரு அரசு அறிவிக்கைப்படி கோர்ட் அனுமதியோட பாஸ்போர்ட் கொடுப்பாங்க, இந்தப் பக்கம் அது தினமும் நடக்குற வேலை, வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்குற ஊரு இது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேர்ல வர முடியாதுன்னு மனு போட்டு வக்கீல் மூலமா ஆஜராகவும் முடியும். ரினியூவல் அப்ளிகேஷன்ல கேஸ் இருக்கான்னு கேப்பாங்க, அங்க மட்டும் இல்லேன்னு பொய் போட்டுடாதீங்க, சின்ன ஆக்சிடென்ட் கேஸ் போயி பாஸ்போர்ட் கேஸ்ல கொண்டு விட்டுடும்.

இங்க இன்னொரு குழி இருக்கு. சார்ஜ் ஷீட் வந்ததும் யாராவது ஒருத்தர், "குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு போயிடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்"பாங்க. லீவு முடியப்போற ஆளுக்கு இது தேன் மாதிரி கேக்கும். அது தண்டனைதான் தம்பி, ஃபைன் 1,000-ன்னாலும் உங்க பேர்ல கன்விக்‌ஷன். அந்த ஒப்புதலை ட்ரிப்யூனல்ல வச்சு தப்பு முழுக்க உங்க மேலதான்னு வாதாடுவாங்க, நெல்லு கல்லு கதையெல்லாம் அதுக்கப்புறம் எடுபடாது. உங்களுக்கு சமாதானம்தான் வேணும்னா அதுக்கும் நேர் வழி இருக்கு. காயம் சம்பந்தப்பட்ட பிரிவுல அடிபட்டவங்க தரப்பு ஒத்துக்கிட்டா கோர்ட் அனுமதியோட ராஜி ஆகலாம், மைனருக்காக கார்டியன் கோர்ட் முன்னாடி வந்து சொல்லணும். 281 மட்டும் அப்படி ராஜி ஆகாது, அதுக்கு ஹைகோர்ட்டுல ரத்து மனு போடணும், ஸ்டேஷன் திருவாரூர் மாவட்டம்னா மதுரை பெஞ்சுக்குப் போக முடியாது, சென்னைக்குத்தான் போகணும், ஸ்டேஷன் தஞ்சாவூர் மாவட்டத்துல வந்தா மதுரை.

இனி கார். மெக்கானிக் சொன்ன அந்த சுவர் கதைய மறந்துடுங்க. அது இன்சூரன்ஸ் மோசடி, வேற பேரு கிடையாது. நாளைக்கு அதே தேதி, அதே நம்பர் கார்ல அடிபட்டோம்னு கிளைம் பெட்டிஷன் வந்தா கம்பெனிக்காரன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பான், பார்த்தான்னா உங்க ரிப்பேர் காசு மட்டுமில்ல உங்க பேச்சுக்கே மதிப்பு போயிடும். சரி, உண்மையச் சொல்லியே சொந்த டேமேஜுக்கு கிளைம் பண்ணலாமேன்னா, உங்க விஷயத்துல அதுவும் கஷ்டம். காரை வித்தா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் தானாவே வாங்குனவருக்கு மாறுனதா சட்டம் எடுத்துக்குது, மோட்டார் வாகனச் சட்டத்துல 157-ன்னு பிரிவு, அதனால அந்தப் பையனுக்கு நஷ்டஈடு வந்தா கம்பெனிதான் கட்டணும், அதுல கவலை வேண்டாம். ஆனா காரோட சொந்த டேமேஜ் கவர் அப்படி மாறாது, 14 நாளுக்குள்ள எழுதிக் கொடுத்து உங்க பேருக்கு மாத்தியிருக்கணும், நீங்க மாத்தல. பாலிசில பேர் இருக்குற அண்ணனுக்கு கார் மேல உரிமை இல்ல, கார் வச்சிருக்குற உங்களுக்கு பாலிசி இல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல கிளைம் விழுந்துடும். பம்பர், ஹெட்லைட் செலவ நீங்களே போடத் தயாரா இருங்க. அண்ணன் ஓட்டுனதா சொல்லி அவர் பேர்ல கிளைம் போட்டுடலாமேன்னு அடுத்த ஐடியாவோட யாராவது வருவாங்க, கண்டிப்பா வருவாங்க, அவங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. ஜி.எச்-ல உங்கள எத்தனை பேர் பாத்தாங்க, கேமராவும் இருக்கும்.

ரிப்பேரை இப்ப தொடாதீங்க. எஃப்.ஐ.ஆர். ஆனா மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியப் பாக்கணும், பிரேக் சரியா இருக்கா, எந்த இடத்துல அடி, எந்தக் கோணம்னு ரிப்போர்ட் கொடுப்பார், அந்த எம்.வி.ஐ. ரிப்போர்ட் உங்களுக்கும் வேணும், ஓரத்துல அடிச்சதா நேருக்கு நேரான்னு அதுதான் பேசும். அதுக்கு முன்னாடி டிங்கரிங் பண்ணிட்டா தடயத்தை அழிச்சிட்டாருன்னு ஆயிடும். வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்தினா மாசக்கணக்குல வெயில்ல காய விடணும்னு இல்ல, ஆய்வு முடிஞ்சதும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனு போட்டு எடுத்துடலாம், ஆனா அந்த மனுவை ஆர்.சி. ஓனர் பேர்ல போட வேண்டியிருக்கும், அண்ணனோட கையெழுத்து தேவைப்படும்.

ஆதாரம் சேக்குறதுக்கு இன்னைக்கே போங்க. அந்த இடத்துல நெல்லு இப்ப இருக்காது, அள்ளியிருப்பாங்க, ஆனா கல்லு கிடக்கும், உமியும் பதரும் ரோட்டோரம் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுங்க, தூரத்துலேருந்து ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, மதகோ மைல்கல்லோ தெரியுற மாதிரி ஒண்ணு. அன்னைக்கு யாராவது செல்போன்ல எடுத்திருந்தா கேட்டு வாங்குங்க, நம்ம ஊர்ல அடிபட்டவனைத் தூக்குறதுக்கு முன்னாடி படம் எடுக்குற ஆளு நாலு பேர் இருப்பாங்களே. பக்கத்துல பெட்ரோல் பங்க், ரைஸ் மில், கடை எதுலயாவது கேமரா இருந்தா முதல்ல அங்க ஓடுங்க, அந்தப் பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும். எடுத்த ஒரிஜினல் ஃபைலை அப்படியே அதே போன்ல வைங்க, வாட்ஸ்அப்ல அனுப்புன காப்பிய மட்டும் வச்சுக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிடாதீங்க, கோர்ட்டுல தாக்கல் பண்ணும்போது சர்டிபிகேட் கொடுக்கணும்.

ஆஸ்பத்திரி ரெக்கார்டுல ஸ்லிப் ஆனதா எழுதியிருக்கே, அது எனக்கு சாதகம்தானேன்னு ஒரு எண்ணம் உங்க மனசுல ஓடும். ஏ.ஆர். காப்பின்னு சொல்ற அந்த ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல முதல்ல என்ன சொன்னாங்களோ அதுக்கு ட்ரிப்யூனல்ல நிறைய மதிப்பு உண்டு, உண்மைதான், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரிய வச்சே மணிக்கணக்கா வாதாடுவார். ஆனா நீங்க அதுல நிக்காதீங்க. கார் இடிக்கவே இல்லன்னு நீங்க ஒரு பேப்பர்ல, இடிச்சதுன்னு இன்னொரு பேப்பர்லன்னு ஆயிடும், ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தவர்னு அதே ரெஜிஸ்டர்ல உங்க பேரே இருக்கலாம். அதோட அந்தப் பையனுக்கும் அது அநியாயம். ரோடு ஆக்சிடென்ட்னு சரியா பதிவானாத்தான் தமிழக அரசோட நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசமா கிடைச்சிருக்கும், பட்டியல்ல இருக்குற தனியார் ஆஸ்பத்திரிலயும் அது உண்டு. 2025 மே மாசம் மத்திய அரசு அறிவிச்ச திட்டத்துலயும் விபத்து நடந்த நாள்லேருந்து 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் பணம் கட்டாம சிகிச்சை இருக்கு. நம்ம ஆளுங்க கேஸுக்குப் பயந்து ஸ்லிப் ஆச்சு, மாடியிலேருந்து விழுந்துட்டான்னு சொல்லி இதையெல்லாம் விட்டுட்டு நகைய அடகு வைக்கிறாங்க, எத்தனை குடும்பத்தை இப்படிப் பாத்துட்டேன்.

அந்த 10,000 கொடுத்தது தப்பில்ல, மனுஷத்தனம். இன்னும் உதவணும்னு தோணுனா பையனோட அப்பா அம்மா அக்கவுன்ட்டுக்கு பேங்க் வழியா அனுப்புங்க, மருத்துவ உதவிக்குன்னு குறிப்பு போடுங்க, மாமா கையிலயோ பெரியவர் கையிலயோ கொடுக்காதீங்க. நடுவுல எவ்வளவு நிக்கும், எவ்வளவு போயி சேரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவங்க வீட்டுக்கு நேர்ல போயி, நான் போலீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் சொல்லப்போறேன், உங்க பையனுக்கு சேர வேண்டியது கம்பெனிகிட்டேருந்து முறையா வரும், ட்ரிப்யூனல்ல மனு போடுங்கன்னு சொல்லிட்டு வாங்க. மனுவை விபத்து நடந்த இடத்துலதான் போடணும்னு இல்ல, அவங்க குடியிருக்குற இடத்து ட்ரிப்யூனல்லயே போடலாம். கம்பெனியோட பேசி லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, முடிச்சா சீக்கிரமா கிடைக்கும், அங்க வர்ற அவார்டு கோர்ட் டிகிரி மாதிரி, அப்பீல் கிடையாது, மைனர் பங்கை பேங்க்ல டெபாசிட் போட்டு வைப்பாங்க. நீங்க தேடுற முடிவு, அதாவது இனிமே யாரும் கேக்க முடியாதுங்கிற முடிவு, அங்கதான் கிடைக்கும். அவங்க மைனர் விஷயத்துக்குப் பயப்படுவாங்க, கோவமும் படலாம், அது அவங்க சமாளிக்க வேண்டியது, அதுக்காக நீங்க மறைக்க முடியாது.

கூட்டம் கூடி அடிக்க வந்தா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேப்பாங்க, உங்களுக்கு அது நடக்கல, படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வரி. கூட்டம் ஆவேசமா இருந்தா அங்கயே நிக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல, 134-லயே அந்த விலக்கு எழுதியிருக்கு, 108-க்கு போன் பண்ணிட்டு நேரா பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. வீட்டுக்குப் போகாதீங்க. அதே மாதிரி வழியில போறவங்க யாராவது அடிபட்டவங்கள ஆஸ்பத்திரில சேர்த்தா அவங்க பேர், அட்ரஸ் கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 134ஏ அவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்குது, தைரியமா தூக்குங்க.

கடைசியா உங்க அண்ணன். அவர்கிட்ட இன்னும் சொல்லலைன்னு உங்க லெட்டர் வாசிக்கும்போதே தெரியுது, எங்கயும் அவர் என்ன சொன்னாருன்னு எழுதல. இன்னைக்கே போன் போட்டு சொல்லிடுங்க. நஷ்டஈடு கேஸ்ல, ஆர்.சி-ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, வித்துட்டேன், காசு வாங்கிட்டேன்னு அவர் சொன்னாலும் சம்மன் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும், போலீஸ் நோட்டீசும் முதல்ல அவருக்குத்தான் வரும், கார் யார் ஓட்டுனதுன்னு அவர் பதில் சொல்லியாகணும். இன்சூரன்ஸுக்கு எழுதுற லெட்டர்ல அவரும் நீங்களும் ரெண்டு பேருமே கையெழுத்து போடுங்க, பாலிசி நம்பர், தேதி, நேரம், இடம், அடிபட்டவங்க விவரம், ஓட்டுனவர் பேர், லைசென்ஸ் நம்பர் இவ்வளவும் அதுல இருக்கணும், மெயில்ல ஒண்ணு போஸ்ட்ல ஒண்ணு. சம்மன் வந்தா கம்பெனி பாத்துக்கும்னு தூக்கி பரண்ல போடாம ரெண்டு பேருமே ஆஜராகி பதில் மனு போடுங்க, உங்க லைசென்ஸ்ல ஏதாவது ஓட்டை இருக்குன்னு கம்பெனி கிளப்புச்சுன்னா, அவங்க பணத்தைக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணிக்கிற உத்தரவு வாங்கிடுவாங்க, நீங்க அங்க இல்லேன்னா மறுத்துப் பேச ஆள் இருக்காது.

பேர் மாத்துறதுக்கு ஃபார்ம் 29, 30 ரெண்டும் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுக்கணும், வாங்குன 30 நாளுக்குள்ள செஞ்சிருக்க வேண்டியது, லேட்டானதுக்கு கட்டணம் கேப்பாங்க, கட்டுங்க. ஃபார்ம்ல விபத்துக்கு முந்துன தேதிய போட்டு எழுதிக்கலாம்னு புரோக்கர் சொல்லுவார், ஒத்துக்காதீங்க. கேஸுக்காக வண்டிய ஸ்டேஷன்ல எடுத்திருந்தா அது ரிலீஸ் ஆகுற வரைக்கும் பேர் மாத்துற வேலை நிக்கலாம், அதனால லீவு முடிஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்கு பவர் எழுதிக் கொடுத்துட்டு, சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். நகல், இன்சூரன்ஸ் லெட்டர் ரசீது, போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அவர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போங்க. எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே டவுன்லோடு ஆகும்.